வடைக் கூடையில் காசநோய் மாத்திரை

அடுத்தவர் காறித் துப்புவதற்காகக் கையில் டப்பாவோடு வாசலில் காத்து நிற்பதுதான் என் தொழில். முகம் சுளிக்காதீர்கள், யாராவது நின்றுதானே ஆகவேண்டும். துப்பியதை இறுக்கி மூடி, மேலே பேர் எழுதி, சளிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காசம் என்று தெரிந்தால் ஆறு மாதம் அவர்கள் மாத்திரை முழுங்குவதை எதிரில் நின்று பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியிலும் பார்க்க வேண்டும். வீட்டில் மாமனாருக்கோ மாமியாருக்கோ பிரஷர் மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் என் கட்சி. "முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன்" என்பார்கள். ஒரு வாரம் கழித்துத் தலையணை உறையை உதறினால் அத்தனையும் பொலபொலவென்று கொட்டும். நீங்கள் ஒருவரிடம் படுகிற பாட்டை நான் ரங்கூனில் தாகேதா பேட்டை முழுக்கப் பதினொரு வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பேர் செல்வி. ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். இன்சீன் ரயில் பட்டறை வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆற்றுமுகத்து வயலை விட்டு வந்தவர்கள், வடக்கே ஊரைப் பறிகொடுத்து வந்தவர்கள், வெளிநாடு போய் நோயோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். "வந்தேறிகளுக்கு மாத்திரை கொடுக்கிற வந்தேறி" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார். மற்ற எல்லோருக்கும் நான் ஸயாமா. இந்த ஊரில் டீச்சரும் ஸயாமா, நர்ஸும் ஸயாமா, சளி டப்பா தூக்குகிறவளும் ஸயாமா. இத்தனை நாள் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. போன மாதம் ஒருவனுக்கு நடந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை, வயிறு எரிகிறது.

சிவக்காத எச்சில்

ஊ டின் என்ற பெரியவர் கட்டட வேலைக்காரர். கடல் தண்ணீர் ஏறி வயல் கெட்டுப்போனதால் குடும்பத்தோடு இங்கே வந்து, கட்டுகிற கட்டடத்துக்குள்ளேயே தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார். அவருக்கு இரண்டு மாத இருமல். டப்பாவைக் கொடுத்து, "விடிஞ்சதும் வாயைக் கொப்புளிச்சிட்டு, அடி நெஞ்சிலேருந்து இருமித் துப்பணும், ஊ டின்" என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன். மறுநாள் டப்பாவைத் திறந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. சைக்கிள் ரிக்ஷா பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "வெத்தலை எச்சிலுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றார். எனக்கு மானம் போயிற்று.

இரண்டாம் நாளும் சிவப்பு. மூன்றாம் நாளும் சிவப்பு. நான்காம் நாள் பிடித்துக்கொண்டேன். "விடியற்காலையில வாயில ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? வெத்தலையைக் கன்னத்துல அடக்கிக்கிட்டா தூங்குவாங்க?" என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு மண் சுமக்க இறங்க வேண்டும், பத்து மணிக்குத்தான் சோறு, அதுவரை வயிற்றை அடக்குவது இந்த வெற்றிலைதான் என்று விளக்கினார். கடைசியில் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிவக்காத எச்சிலுக்கு நான் எங்க போவேன் ஸயாமா?"

எட்டுப் பேர், நாலு பாய்

மா கின் தையல் ஃபாக்டரிப் பெண். எட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தார்கள். பகல் ஷிஃப்ட் எழுந்து போனதும் அதே பாயில் நைட் ஷிஃப்ட் படுக்கும். திருட்டு பயத்தில் ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார் வீட்டுச் சொந்தக்காரர். இவளுக்குக் காசம் என்று ரிசல்ட் வந்தது. எங்களுக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தாளை விரித்து, "காற்றோட்டமான தனி அறையில் படுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்" என்று கடமைக்கு வாசித்தேன். படத்தில் பூந்தொட்டி வைத்த ஜன்னல், அழகான கட்டில். அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ரூம் எங்க கிடைக்குதுன்னு அட்ரஸும் போட்டிருக்கலாமே ஸயாமா" என்றாள். சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தத் தாளை நான் யாருக்கும் வாசித்ததில்லை.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான் இருந்தது. நான் காசநோய்ப் படம் போட்ட பையை மாட்டிக்கொண்டு போய் வந்ததை வீட்டுச் சொந்தக்காரர் பார்த்துவிட்டார். மறுநாள் போனால் அறை காலி. எட்டுப் பேரையும் துணி மூட்டையோடு வெளியே அனுப்பிவிட்டார் அந்த மகராசன். மா கின்னைத் திரும்பக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் மாத்திரை இல்லை. நடுவில் விட்டால் நோய் முறுக்கிக்கொள்ளும், பிறகு சாதாரண மாத்திரைக்கு அடங்காது. இதை அந்த ஆளிடம் போய்ச் சொன்னேன். "மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சா கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குத் தொத்தாதுங்க. துரத்தினாத்தான் ஊரெல்லாம் பரவும்" என்று நல்லவிதமாகவே சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே பதில் சொன்னார்: "பரவட்டும், என் ரூமுக்கு வெளியிலதானே பரவும்?"

வியாதிக்கு ஒரு பேர்

அதன் பிறகுதான் ஸோ மின் வந்தான். என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் அவன்தான். தாமுவே மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் செய்கிற பையன், இருபத்தேழு வயது. தாகேதாவில் டோ மியா என்ற பர்மியப் பெரியம்மாவின் மர வீட்டு மாடியில் அம்மா பாக்கியத்தோடு வாடகைக்கு இருந்தான். எங்கள் தமிழ்ப் பையன்தான். எங்கள் ஆட்களுக்கு இங்கே ஆளுக்கு இரண்டு பேர் உண்டு. பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் பர்மியப் பேரில். கோயில் அர்ச்சனையும் அம்மாவின் வசவும் தமிழ்ப் பேரில். நானே வெளியில் மா தீரி, வீட்டில் செல்வி. அவன் வெளியில் ஸோ மின், வீட்டில் முருகேசன்.

ரிசல்ட்டைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எத்தனை மாசம்?" மலேசியாவில் கிள்ளானில் அவன் மாமா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு போன் கடையில் இவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். ரங்கூனில் இப்போது இளவட்டம் என்றால் இரண்டே ரகம்: போய்விட்டவன், போகக் காத்திருக்கிறவன். போய்ச் சேர்ந்து காலூன்றியதும் அம்மாவையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. "ஆறே மாசம், தம்பி. ஒழுங்கா முழுங்கினா சுத்தமாப் போயிடும், அப்புறம் நீ மலேசியா போ, லண்டன் போ" என்றேன். பாக்கியம் அக்கா அழுதார். வெளியில் தெரிந்தால் வீடும் போகும், அவன் வேலையும் போகும் என்றார். மா கின் கதை எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்த நேரம். சட்டென்று ஒரு யோசனை வந்தது. எங்கள் இடத்தில் மாத்திரை கொடுக்க அடையாள அட்டை கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். நான் எழுதுகிற பேர்தான் பேர். தாகேதாவில் முருகேசன் என்று ஒருவனை யாருக்குத் தெரியும்? கார்டில் "முருகேசன்" என்று எழுதினேன். என்னைவிடப் புத்திசாலி உண்டா என்று எனக்கே பெருமை. பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வியாதி முருகேசனோட போகட்டும். ஸோ மின்னு நல்லாருக்கட்டும்."

வடைக்காரி

பேரை மறைத்தாயிற்று, என்னை எப்படி மறைப்பது? தினமும் ஒரு ஸயாமா மாடி ஏறினால் தெருவே பார்க்கும். அதனால் படம் போட்ட பையை வீட்டில் மாட்டிவிட்டு வடைக்காரி ஆனேன். காலையில் பருப்பு வடை சுட்டுக் கூடையில் அடுக்கி, அடியில் செய்தித்தாள், அதற்கும் அடியில் மாத்திரை. தாகேதா பாலத்தைத் தாண்டும்போதே நாலு வடை போய்விடும். ஒரு நாள் ஒரு டீக்கடைக்காரர் மிச்சம் இருந்த அத்தனையையும் மொத்தமாகக் கேட்டு என் பின்னாலேயே வந்தார். கூடையைக் காலி செய்தால் மாத்திரை தெரியும். "விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன். வடைக்காரி வடை விற்க மாட்டேன் என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார், பாவம்.

மாடிப்படி டோ மியாவின் அறை வாசல் வழியாகத்தான் போகிறது. அறுபது வயது, கறாரான பேச்சு, எந்நேரமும் வாசலில் முக்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாளே கூடையை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு வடை எடுத்துக் கடித்துப் பார்த்தார். மெதுவாக மென்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "உப்பே இல்ல. சரி, நாளைக்கும் வா."

ஆரஞ்சு ஜூஸ்

இந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்தின் சாயம். இதைச் சொல்ல மறந்தேன், என் தப்பு. மூன்றாம் நாள் ஸோ மின் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "கிட்னி போயிடுச்சு அக்கா" என்றான். யார் சொன்னது என்றால், மருந்துக் கடையில் கேட்டானாம். "எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கு" என்று ஆரம்பித்துத்தான் கேட்டிருக்கிறான். நோயின் பேரையும் சொல்லவில்லை, மாத்திரையின் பேரையும் சொல்லவில்லை. அந்த மேதாவி கிட்னி என்று அடித்துச் சொல்லி ஒரு டானிக்கும் கொடுத்து அனுப்பியிருந்தான். டானிக் பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன். நான் திரும்பி வருவதற்குள் பாக்கியம் அக்கா பயத்தில் கூடையிலிருந்த அன்றைய மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்திருந்தார், அரிசி டின்னுக்குள்.

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. குமட்டல் வந்தது, மூட்டு வலித்தது, மாத்திரையைப் பார்த்தாலே வாந்தி வருகிறது என்பான். பத்து நிமிஷம் திட்டுவேன், முழுங்குவான். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன், வாசலில் டோ மியா உட்கார்ந்து, "இந்த மழையிலயுமா வடை?" என்றார். ஆறு மாதம் முடிந்து கடைசிச் சளியும் சுத்தம் என்று வந்தது. கார்டில் "குணமாகிவிட்டது" என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பாக்கியம் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவன் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்: "முருகேசன் கதை முடிஞ்சுது அக்கா. இனிமே ஸோ மின் மட்டும்தான்."

யாரோ ஒரு முருகேசன்

மலேசியாவிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. மெடிக்கல் பரிசோதனை முடிந்தால் விசா. வெளிநாடு போகிறவர்களைச் சோதிக்கிற ஒரு தனியார் இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காசம் குணமானாலும் நுரையீரலில் தழும்பு இருக்கும், காயம் ஆறினால் தோலில் வடு இருக்கிறதில்லையா, அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டுச் "சந்தேகம்" என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். "முன்னாடி ஏதாவது சிகிச்சை எடுத்த ரெக்கார்டு இருக்கா? ரெண்டு வாரத்துல சொல்லுங்க" என்றார்களாம். ஸோ மின் எனக்குப் போன் செய்தான். "என்ன சொல்றது அக்கா?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "உண்மையைச் சொல்லு. நீ என்ன திருடினியா? கார்டை எடு, நானும் வரேன்" என்றேன்.

அந்தப் பரிசோதனை இடத்தின் மூன்றாம் ஜன்னலில், கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பெண் இருந்தாள். கார்டைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். கார்டில் முருகேசன், பாஸ்போர்ட்டில் ஸோ மின். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. கார்டு எழுதிய மகராசி நான்தானே. ஆனாலும் விடுவேனா? "ரெண்டும் ஒரே ஆள்மா! எங்க ஆளுங்களுக்கு ரெண்டு பேர் உண்டு. ஆறு மாசம் மாத்திரை குடுத்தவ நானே சொல்றேன், அப்புறம் என்ன?" என்று குரலை உயர்த்தினேன். பின்னாலிருந்து ஒரு பெரிய அதிகாரி எட்டிப் பார்த்து, "ஒரே ஆள்தான்னு வார்டு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அந்தப் பெண் கார்டை ஜன்னலுக்கு வெளியே தள்ளினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். என்னை அலட்சியம் செய்கிறாள் என்றுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் சொன்னது இதுதான்: "இது யாரோ ஒரு முருகேசனோட கார்டு. ஸோ மின்னுக்கு இதுல என்ன வேலை? பேசாம எடுத்துக்கிட்டுப் போயிடுங்க ஸயாமா."

ரெண்டு சாட்சி

போய்விடுவேனா நான்? நேரே வார்டு ஆபீஸ். அங்கே சொன்னார்கள்: முருகேசனும் ஸோ மின்னும் ஒருவரே என்று சொந்தக்காரர் அல்லாத இரண்டு அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போட வேண்டும். எதற்காகக் கடிதம் என்ற காரணமும் அதிலேயே இருக்க வேண்டும். காரணம் என்ன? காசநோய்ச் சிகிச்சை. ஆக, ஆறு மாதம் எந்த அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாது என்று வடை சுட்டேனோ, அவர்கள் வீட்டுக் கதவைத்தான் நான் தட்ட வேண்டும். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். பாக்கியம் அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். "மலேசியாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், இருக்கிற வீடாவது மிஞ்சட்டும்" என்றார். ஸோ மின் மட்டும் என்னையே பார்த்தான். நான்தான் பிடிவாதமாக இருந்தேன். பொய்யா சொல்லப்போகிறோம், குணமானதைத்தானே சொல்கிறோம் என்று நான்தான் அவர்களை இழுத்தேன்.

கூடை இல்லாமல் முதல் தடவையாக டோ மியாவின் வாசலில் போய் நின்றேன். முக்காலியிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டினேன். அவர் எழுந்து உள்ளே போனார். போச்சு, சாமானைத் தூக்கிப் போடத்தான் போகிறார் என்று மேலே பாக்கியம் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டோ மியா மூக்குக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்து, கையெழுத்துப் போட்டார். எதிர்வீட்டு மனிதரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு, "இங்க போடு" என்று அவர் கையெழுத்தையும் வாங்கினார். டோ மியாவின் கணவர் செத்துப்போனது காசத்தில்தானாம். அந்தக் காலத்தில் அந்த மனிதரையும் யாரும் வீட்டில் சேர்க்கவில்லையாம். நான் வந்த முதல் வாரமே அந்த இருமலும் தெரியும், கூடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியுமாம். "அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலை?" என்றேன். டோ மியாவுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் பழைய கறார்தான்: "ஆறு மாசம் உப்பில்லாத வடையைத் தின்னேனே, அது எதுக்குன்னு நினைச்சே?"

மூன்றாம் ஜன்னல்

இரண்டு வாரக் கெடு முடிய மூன்று நாள் இருந்தது. கார்டு, வார்டுக் கடிதம், சாட்சிக் கையெழுத்து எல்லாவற்றையும் ஜெயித்துவிட்ட தோரணையோடு ஜன்னலில் வைத்தேன். ஸோ மின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். பாக்கியம் அக்கா அவன் நெற்றியில் விபூதி பூசி அனுப்பியிருந்தார். தனக்கா பூசிய அதே பெண்தான் இருந்தாள். காகிதங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இந்தத் தடவை பெரிய அதிகாரி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வாங்கிப் படித்தார். "ஆமா, எல்லாம் சரியா இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்" என்றார். நான் ஸோ மின்னைப் பார்த்துச் சிரித்தேன். அவர் ஒரு முத்திரையை எடுத்துக் குத்திக் காகிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தகுதியில்லை. காரணம்: காசநோய் இருந்தது உறுதி.

நான் போட்ட சத்தத்தில் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. "குணமாயிடுச்சுன்னுதானே எழுதியிருக்கு! கண்ணு தெரியலையா? அதைக் கொண்டாரச் சொன்னதே நீங்கதானே!" என்று ஜன்னல் கட்டையில் அடித்தேன். அதிகாரி நிதானமாக, சந்தேகம் இருந்தது, நாங்கள் கொண்டுவந்த காகிதத்தால் சந்தேகம் தீர்ந்துவிட்டது, காசம் வந்தவர்களை எடுப்பதில்லை, சட்டம் அவர் போட்டதல்ல, என்றார். மனுஷனுக்குத் துளி கூட வெட்கமில்லை. ஆறு மாதம் குமட்டக் குமட்ட முழுங்கியவனுக்கு மரியாதை இதுதான். முழுங்காமல் மறைத்துக்கொண்டு இருமியவனுக்கும் இதே முத்திரைதான். அப்படியென்றால் நான் எதற்கு வீடு வீடாகப் போய் "மறைக்காதீங்க, மருந்து சாப்பிடுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்?

அதிகாரி உள்ளே போனதும் அந்தப் பெண் பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினாள். ரெக்கார்டு ஒன்றும் இல்லை என்றிருந்தால் மூன்று தடவை சளி எடுத்துப் பார்ப்பார்களாம். சுத்தமாக இருந்தால் "பழைய தழும்பு, காரணம் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம். அப்படிப் போனவர்கள் நிறையப் பேராம். அவன் சளி எத்தனை சுத்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "அதான் அன்னிக்கே சொன்னேனே ஸயாமா, எடுத்துக்கிட்டுப் போயிடுங்கன்னு."

இன்னொரு கார்டு

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னால வந்தது தம்பி. பேரை மாத்தினதும் நானே, கொண்டுபோய் நிரூபிச்சதும் நானே" என்றேன். அழுதுவிட்டேன், மறைப்பானேன். பதினொரு வருஷத்தில் நோயாளி முன்னால் அழுதது அன்றுதான். அவன் வாட்டர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தான். கொஞ்ச நேரம் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டுக் கேட்டான்: "அவங்களுக்கு வேணாங்கிறது ஸோ மின்னைத்தானே அக்கா? முருகேசனுக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துப் பாக்கலாமா?"

மறுநாள் காலையில் ஒரு புதுப் பெண்ணுக்கு ரிசல்ட் வந்திருந்தது. அவளும் எங்கள் ஆள்தான், அவளுக்கும் இரண்டு பேர், அவளுக்கும் சிங்கப்பூரில் ஒரு வேலை காத்திருக்கிறது. கார்டை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரை எழுதினால் அந்தக் கார்டே பிறகு அவளுக்குக் குழி தோண்டும். இன்னொரு பேரை எழுதினால் நான் ஊருக்குச் சொல்கிற உபதேசத்துக்கு அர்த்தமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன ஸயாமா, என் பேரைச் சொல்லிட்டேனே, எழுத மாட்டீங்களா?"

காசத்துக்கு ஆறு மாத மாத்திரை இருக்கிறது, குணமானவனைப் பிடிக்கிற இந்த வியாதிக்குத்தான் இன்னும் யாரும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்தால் சொல்லியனுப்புங்கள், அதையும் வடைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறேன்.